வயிற்று ஒப்பரேஷனும் ஆறு வார ஓய்வும்

(தோட்டக் கிளைத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த நலன்புரி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், நிறை, செக்ரோல் என்று பேசிப் பழகிய இந்த வகுப்பில் இன்று வயிற்று ஒப்பரேஷனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது டொக்டர்மார் பேச வேண்டிய விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கத்தி பிடிப்பது டொக்டரின் வேலைதான். ஆனால் ராத்திரி லயத்தில் ஒருவர் வயிற்று வலியில் துடித்தால் முதலில் தட்டப்படுவது தலைவர் வீட்டுக் கதவு. ஒப்பரேஷன் முடிந்து வருகிறவர் டயக்னோசிஸ் கார்டை நீட்டி “இதில் என்ன எழுதியிருக்கிறது, எப்போது மலைக்குப் போகலாம்?” என்று கேட்பதும் தலைவரிடம், தலைவியிடம்தான். அந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் சொல்லாவிட்டால், கங்காணி சொல்லும் பதிலே பதிலாகிவிடும்.

ஆகவே இன்று மூன்று விஷயங்கள். நம் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் வயிற்று ஒப்பரேஷன்கள் எவை? எந்த வலிக்கு உடனே போக வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு காலம் ஓய்வு, ஏன்? மூன்றாவதுதான் சங்கத்தின் பொறுப்பில் அதிகம் வருவது. அதிலிருந்தே தொடங்குவோம்.

தோல் ஒட்டுவது வேறு, வயிறு ஒட்டுவது வேறு

வயிற்றின் முன்புறம் ஒரு சுவர் மாதிரி. மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே தசையும் அதை மூடிய வெள்ளை நிறக் கெட்டிச் சவ்வும், கடைசியாகக் குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு. டொக்டர் வயிற்றைத் திறக்கும்போது இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் உள்ளே போகிறார். வெளியே வரும்போது ஒவ்வொன்றாகத் தைத்து மூடுகிறார்.

நம் கண்ணுக்குத் தெரிவது தோலில் போட்ட தையல் மட்டும். அது ஏழு முதல் பத்து நாளில் ஒட்டிவிடும். தையலை வெட்டியதும் “காயம் ஆறிவிட்டது” என்று நாமே சொல்கிறோம். ஆனால் வயிற்றின் பாரத்தைத் தாங்குவது தோல் அல்ல, உள்ளே இருக்கும் அந்தக் கெட்டிச் சவ்வு. அது ஒட்டிப் பலம் பெற வாரக் கணக்கில் ஆகும். பலத்தின் பெரும்பகுதி திரும்பி வர மாதக் கணக்காகும். முன்பு இருந்த அளவு முழுவதும் திரும்பி வருவதே இல்லை.

மலைச்சரிவில் கல்லணை கட்டுகிறோம். மேலே பூசிய சீமெந்து காய்ந்துவிட்டது என்பதற்காக அடுத்த நாளே அதன் மேல் லொறியை ஏற்றுவோமா? தையல் வெட்டிய மறுநாள் கொழுந்துச் சாக்கைத் தூக்குவது அந்த மாதிரி வேலைதான். பாரம் தூக்கும்போதும், முக்கும்போதும், பலமாக இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். ஒட்டாத சவ்வு விலகும். விலகிய இடத்தில் குடல் பிதுங்கும். பழைய தழும்பில் பந்து போல வீங்கி நிற்கும் ஆட்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் தழும்பில் வரும் ஹேர்னியா. அதற்கு இன்னொரு ஒப்பரேஷன் வேண்டும். அந்த இரண்டாவது ஒப்பரேஷன் பெரும்பாலும் முதலாவதை விடக் கஷ்டமானது.

ராஜாவுக்குக் கிடைத்த ஓய்வு

இங்கே ஒரு பழைய வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1902ஆம் ஆண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மலைகளில் வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தேயிலை வளர்த்துக்கொண்டிருந்த காலம். இலங்கையும் சேர்ந்திருந்த பிரித்தானிய சாம்ராஜ்யத்தின் ராஜா ஏழாம் எட்வர்ட். அவருடைய முடிசூட்டு விழா ஜூன் 26 என்று குறிக்கப்பட்டிருந்தது. பல நாட்டுப் பிரமுகர்கள் லண்டனுக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ராஜாவுக்கு வயிற்று வலி. குடல்வாலில், அதாவது அப்பெண்டிக்ஸில், சீழ் கட்டிவிட்டது.

விழாவைத் தள்ளிப்போட ராஜாவுக்கு மனமில்லை. பிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற சர்ஜன் விடவில்லை. தாமதித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1900இல், அவருடைய சொந்த மகளே குடல்வால் வெடித்து இறந்துபோயிருந்தார். ஜூன் 24ஆம் திகதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ராஜாவின் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9ஆம் திகதிக்குப் போனது. கணக்குப் பாருங்கள், 46 நாள். ஆறரை வாரம்.

அதோடு முடியவில்லை. ராஜாக்களுக்கு வழக்கமாகச் சூட்டும் பெரிய முடி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடிய நிறை. ஒப்பரேஷனிலிருந்து தேறி வருகிறவருக்கு அது பாரம் என்று, அதைவிட லேசான இன்னொரு முடியைச் சூட்டினார்கள். விழாச் சடங்குகளையும் சுருக்கினார்கள்.

தோழர்களே, ஆறு வாரம் கழித்து ராஜாவின் தலையில் இரண்டு கிலோ வைக்க யோசித்தார்கள். நம் பெண்கள் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து சரிவில் இறங்கி மடுவத்துக்கு வருகிறார்கள். ராஜாவின் வயிற்றுக்கும் கொழுந்து எடுக்கும் தாயின் வயிற்றுக்கும் ஒரே தசை, ஒரே சவ்வு. ஒட்டும் காலத்தில் வித்தியாசம் இல்லை. மருந்தும் வசதியும் இந்த நூற்றிருபது ஆண்டுகளில் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் சவ்வு ஒட்டுவதற்கு எடுக்கும் காலத்தைக் குறைக்க எந்த டொக்டராலும் முடியவில்லை.

அடிக்கடி நடக்கும் ஒப்பரேஷன்கள்

ஒன்று, குடல்வால். சிறு பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் அதிகம் வரும், எந்த வயதிலும் வரலாம். பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். சாப்பாடு பிடிக்காது, வாந்தி வரும், காய்ச்சல் காயும். நடந்தால், இருமினால் வலி கூடும். இதை வாயு என்று நினைத்து சோடா குடிப்பதும், சித்தாலேப பூசிப் படுத்துக்கொள்வதும், பேதி மருந்து கொடுப்பதும் நம் லயங்களில் இன்னும் நடக்கிறது. பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல்வால் வெடித்துவிட்டால் சீழ் வயிறு முழுவதும் பரவும். கொஞ்ச நேரம் வலி குறைந்த மாதிரிகூட இருக்கும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. நேரத்தோடு போனால் சிறிய வெட்டு, அல்லது துவாரம் போட்டுச் செய்யும் ஒப்பரேஷன், சில நாளில் வீடு. பிந்திப் போனால் நடு வயிற்றில் நீள வெட்டு, வாரக் கணக்கில் வார்ட்.

இரண்டு, ஹேர்னியா என்கிற குடலிறக்கம். ஆண்களுக்குக் கவட்டை மடிப்பில் அதிகம். தொப்புளிலும் வரும். பெண்களுக்குத் தொடை மடிப்புக்குக் கீழேயும் வரும். நின்றால் வீக்கம் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். உர மூட்டை தூக்கும் ஆட்களும், மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கும் ஆட்களும் வெட்கப்பட்டு இதை ஆண்டுக் கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். பட்டி கட்டினால் இது சுகமாகாது. ஒப்பரேஷன்தான் வழி. பலவீனமான இடத்தைத் தைத்து, பெரும்பாலும் ஒரு வலையையும் வைத்து மூடுவார்கள். வீக்கம் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, கல் மாதிரி இறுகி வலித்து, வாந்தியும் எடுத்தால் அது அவசரம். சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்று, பித்தப்பைக் கல். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும் வலி. பெண்களுக்கு அதிகம். கல்லைக் கரைக்கும் கஷாயம் என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்க வேண்டாம். அடிக்கடி வலி வந்தால் பித்தப்பையையே எடுத்துவிடுவார்கள். அது இல்லாமலும் நன்றாக வாழலாம். இந்த ஒப்பரேஷனை முதன்முதலில் செய்தவர் பெர்லின் நகரத்து லாங்கன்புக் என்ற சர்ஜன், 1882இல். இன்று வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் நாலு சின்னத் துவாரம் போட்டுச் செய்கிறார்கள். காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ காத்திருக்க வேண்டாம்.

நாலு, வயிற்றுப் புண் ஓட்டையாகிச் செய்யும் ஒப்பரேஷன். முதுகு வலி, முழங்கால் வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடுவது நம்மிடம் பெரிய பழக்கம். டைக்குளோபினெக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். புகையிலையும் சுருட்டும் புண்ணை ஆறவிடாது. புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் என்ற இரண்டு அவுஸ்திரேலிய டொக்டர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். ஆகவே நெஞ்சுக்குக் கீழே நெடுநாள் எரிச்சல் உள்ளவர் கிளினிக் போக வேண்டும். திடீரென்று கத்தியால் குத்தியது மாதிரி வலித்து, வயிறு பலகை போல இறுகினால் ஓட்டை விழுந்திருக்கலாம். மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனாலும், ரத்தமாக வாந்தி எடுத்தாலும் உடனே போக வேண்டும்.

ஐந்து, சிசேரியன். இதைப் பலர் ஒப்பரேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “பிள்ளை பெற்றாள்” என்று முடித்துவிடுகிறோம். வயிற்றையும் கர்ப்பப்பையையும் திறந்து தைத்த பெரிய ஒப்பரேஷன் அது. அந்தத் தாய் ஆறு வாரத்துக்குத் தன் குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் விறகுக்கட்டும் இதில் அடங்கும். மகப்பேற்று நன்மைச் சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தத்தின்படி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். பழைய கணக்கை யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறு, எல்.ஆர்.டி. என்கிற கருத்தடை ஒப்பரேஷன். இது நிரந்தரமானது. மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிச் செய்யக் கூடாது. மலையகத்தில் இதைப் பற்றி நெடுநாள் கசப்பு இருக்கிறது. விளங்காத படிவத்தில் கைநாட்டு வைத்தோம் என்று சொல்லும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். விரும்பிச் செய்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் முடிவு அந்தப் பெண்ணுடையது. நேர்ஸ், மாமியார், புருஷன், தோட்டம் யாரும் அவளுக்காக முடிவெடுக்க முடியாது. ஊசி, லூப் போன்ற தற்காலிக வழிகளும் உண்டு. ஆண்களுக்கும் கருத்தடை ஒப்பரேஷன் உண்டு. அதற்கு வயிற்றைத் திறக்கவே தேவையில்லை. தலைவர்மார் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏழு, கர்ப்பப்பை எடுப்பது. கட்டி இருந்தாலோ, ரத்தப் போக்கு நிற்காவிட்டாலோ, கர்ப்பப்பை கீழே இறங்கினாலோ செய்வார்கள். பல பிள்ளை பெற்று, ஆண்டுக் கணக்கில் பாரம் சுமந்த பெண்களுக்கு அடி இறங்குவது அதிகம். தாய்மார்கள் இதை வெளியே சொல்வதில்லை. மாதர் தலைவிகள்தான் பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்றை மறக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்றில் கடும் வலி வந்து, தலை சுற்றி மயக்கம் வந்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். வெளியே ரத்தம் அதிகம் தெரியாது, உள்ளே கொட்டிக்கொண்டிருக்கும். கலியாணமாகாத பிள்ளை என்றாலும் டொக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மானத்தைப் பார்த்து உயிரை விடக் கூடாது.

எங்கே போவது, எப்படிப் போவது

தோட்ட டிஸ்பென்சரியிலும் சிறிய பிரதேச வைத்தியசாலையிலும் வயிற்றைத் திறக்கும் சர்ஜன் இருப்பதில்லை. ஆதார வைத்தியசாலை அல்லது அதற்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி வேண்டும். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்கள் தோட்டத்துக்கு எது கிட்ட என்று கிளைக் கொப்பியில் இப்போதே எழுதி வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம். நகையை அடகு வைக்கும் முன் இதை ஞாபகப்படுத்துங்கள்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பேசும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், கிட்ட உள்ள சந்தி மூன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் லயம் வரை ஏற முடியாத தோட்டங்களில் நோயாளியைப் பாதைக்கு இறக்கி வர நாலு இளவட்டங்களும் ஒரு ஸ்ட்ரெச்சரும் தயாராக இருக்க வேண்டும். தோட்ட வாகனத்துக்குத் துரையின் கையெழுத்தைத் தேடி ஒரு மணி நேரம் ஓடும் நிலை இனியும் கூடாது. அவசரத்துக்கு யாரிடம் கேட்டால் வாகனம் கிடைக்கும் என்பதை நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

கடும் வயிற்று வலிக்காரருக்கு வழியில் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே வந்து நெஞ்சுக்குள் போய்விடும். முன்கூட்டித் திகதி கொடுத்த ஒப்பரேஷனுக்கும் பட்டினி நேரம் அதற்காகத்தான். டொக்டரிடம் சொல்ல வேண்டியவை: சீனி வருத்தம், பிரஷர், இழுப்பு, போடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆடும் பல். தினமும் குடிப்பவர் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். குடி திடீரென்று நின்றால் ஒப்பரேஷனுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, பிதற்றி, தையலையும் குழாயையும் பிடுங்குவார். முன்பே தெரிந்தால் டொக்டர் அதற்கும் மருந்து கொடுப்பார். வெட்கம் வேண்டாம்.

கையெழுத்து வைக்கும் முன்

ஒப்பரேஷனுக்கு முன் சம்மதப் படிவம் வரும். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. நமக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பது அடாவடி அல்ல. டொக்டர் சிங்களத்தில் பேசினால் தமிழ் தெரிந்த நேர்ஸையோ ஊழியரையோ பணிவாகக் கேளுங்கள். முடியாவிட்டால் மொழி தெரிந்த நம் பிள்ளை ஒருவரைக் கூட அனுப்புங்கள். ஐந்து கேள்விகள் போதும். என்ன நோய்? எதை எடுக்கிறீர்கள், எதைத் தைக்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது?

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது “நான் தோட்ட வேலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இருபது கிலோ சுமந்து சரிவில் ஏறி இறங்கும் வேலை” என்று சொல்லுங்கள். நம் வேலை என்னவென்று எல்லா டொக்டருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்தால்தான் அதற்கு ஏற்ற ஓய்வை எழுதுவார்கள். அந்த ஓய்வையும், பாரம் தூக்கக் கூடாது என்பதையும் டயக்னோசிஸ் கார்டிலோ மெடிக்கலிலோ எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது அல்ல. ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே டொக்டர் எழுந்து நடக்கச் சொல்வார். நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது, நெஞ்சில் சளி கட்டாது, குடல் வேலை செய்யத் தொடங்கும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடாதது பாரம் தூக்குவதும், மலை ஏறுவதும், குனிந்து நிமிர்ந்து செய்யும் கடும் வேலையும்.

பத்தியம் என்று ரசமும் சோறும் மட்டும் கொடுத்துப் பட்டினி போடுவது தவறு. காயம் ஆறப் பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் எல்லாம் வேண்டும். டொக்டர் விலக்கியதை மட்டும் விலக்குங்கள். தண்ணீர் நிறையக் குடித்து மலம் இறுகாமல் பார்க்க வேண்டும், முக்கினால் தையலுக்கு ஆபத்து. காயத்தில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதையும் பூச வேண்டாம். காயம் சிவந்து சூடாகி, சீழ் வடிந்தால், காய்ச்சல் அடித்தால், வயிறு ஊதி வாந்தி வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே திரும்பப் போக வேண்டும்.

எத்தனை நாள்? டொக்டர் சொல்வதே முடிவு. பொதுவான கணக்கு இதுதான். துவாரம் போட்டுச் செய்த குடல்வாலுக்கும் பித்தப்பைக்கும் வீட்டுச் சில்லறை வேலை ஒன்றிரண்டு வாரத்தில் செய்யலாம், பாரத்துக்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். வெட்டித் திறந்த குடல்வாலுக்கும் ஹேர்னியாவுக்கும் நாலு முதல் ஆறு வாரம். சிசேரியனுக்கு ஆறு வாரம் குறைந்தது. வயிற்று வழியாகக் கர்ப்பப்பை எடுத்தால் ஆறு முதல் எட்டு வாரம். நடு வயிற்றில் நீள வெட்டு என்றால் இரண்டு மூன்று மாதமும் ஆகலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாய் நம்மிடம் திருப்பிக் கேட்பாள்: “ஆறு வாரம் வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்?” நியாயமான கேள்வி. வேலைக்குப் போனால்தான் பேர். பேர் விழாத நாளில் கடைக் கடன் ஏறும். நம் ஆட்கள் மூன்றாம் வாரமே படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது அறியாமையால் மட்டும் அல்ல, கையில் காசு இல்லாததால். ஆகவே “ஓய்வெடு” என்று புத்தி சொல்லிவிட்டு வந்துவிடுவது சங்க வேலை ஆகாது.

ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நாலு. முதலாவது, டொக்டரின் எழுத்து இருக்கும்போது அந்தக் காலம் முடியும் வரை யாரையும் மலைக்கு அழைக்கக் கூடாது, அதைக் காட்டிப் பேரை வெட்டவும் கூடாது. இரண்டாவது, ஓய்வு முடிந்து வருபவருக்கு முதல் சில வாரம் இலகு வேலை வேண்டும். தவறணையில் கன்றுக்குத் தண்ணீர் விடலாம், பிள்ளை மடுவத்தில் உதவலாம், மடுவத்தில் கொழுந்து பார்க்கலாம். அதற்கு முழுப் பேர். மூன்றாவது, கொழுந்து எடுக்கத் தொடங்கியவருக்கும் நிறையில் சலுகை வேண்டும், சாக்கைச் சுமக்க ஆள் வேண்டும். நாலாவது, அவசர வாகனம்.

மலையில் விழுந்தோ, வேலை நேரத்தில் வயிற்றில் அடிபட்டோ ஒப்பரேஷன் ஆனால் அது வேலைக் காயம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. விழுந்த அன்றே தோட்ட ஆபீசில் பதியச் செய்யுங்கள், பார்த்த சாட்சியின் பெயரையும் எழுதுங்கள். டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்க விடாதீர்கள். ஒரு பிரதி ஆபீசுக்கு, ஒரு பிரதி கிளைக்கு, மூலம் வீட்டில்.

நிர்வாகம் தருகிறதோ இல்லையோ, நாம் நமக்குள் செய்ய முடிந்ததும் உண்டு. ஒப்பரேஷன் ஆனவர் வீட்டுக்கு ஆறு வாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர, விறகு கொண்டுவர, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப லயத்தில் முறை போட்டுக்கொள்ளலாம். கலியாணத்துக்கும் சாவுக்கும் முழுத் தோட்டமும் கூடி நிற்கும் சமூகம் நாம். இந்த ஆறு வாரத்துக்கும் கூடி நிற்க நம்மால் முடியும். ஆண்களுக்கு இன்னொன்று: சிசேரியன் ஆன மனைவி குடம் தூக்கக் கூடாது என்றால் அந்தக் குடத்தைத் தூக்க வேண்டியது யார் என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கத் தேவையில்லை.

தோழர்களே, திங்கட்கிழமை பிரட்டுக்களத்துக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டிவிஷனில் கடந்த மூன்று மாதத்துக்குள் வயிற்று ஒப்பரேஷன் ஆனவர்கள் யார், யார் என்ன பாரம் சுமக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். மறைத்து வைத்திருக்கும் ஹேர்னியாக்காரர்களையும் சேருங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள். எந்தத் தோட்டத்தில் யாருக்கு எத்தனை நாள் மறுக்கப்பட்டது என்று பெயரோடு கையில் இருந்தால்தான் நிர்வாகத்தின் முன் நம் பேச்சு நிற்கும்.